பெருசு வேண்டவே வேண்டாம்

மழைக்காலத்திலேயே கண்மாய் நிரம்பாத ஊரில் மோட்டார் படகு வாங்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? என் வீட்டுக்காரர் பாண்டீஸ்வரனுக்குத் தோன்றியது. காரைக்குடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்புக்குப் பின்னால் படகை மாட்டித் தொண்டிக்கு இழுத்துப் போய், கடலில் இறக்கிக் குடும்பத்தோடு சுற்றுவதாக ஏற்பாடு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா? தொலையட்டும், எந்தப் படகு என்பதையாவது நான் முடிவு செய்கிறேன் என்று களத்தில் இறங்கிவிட்டேன்.

தூத்துக்குடியில் ஒருவர் இரண்டு படகுகளை விற்பனைக்கு வைத்திருந்தார். ஒன்று பதினாலடி, இன்னொன்று பத்தொன்பதடி. இவருக்குப் பெரியதன்மேல்தான் கண். எதை வாங்கினாலும் அப்படித்தான். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், கதவைக் கழற்றிய பிறகுதான் உள்ளே நுழைந்தது. வாரக்கணக்கில் எங்களுக்குள் இதே சண்டை. அடிக்கணக்கு சொல்லிச் சண்டை போட யாருக்குப் பொறுமை இருக்கிறது? சின்னது, பெருசு என்றே பேசிப் பழகிவிட்டோம்.

எங்களோடு இருக்கிற என் மாமனார் மருதுவுக்கு மட்டும் படகு விஷயம் தெரியாது. தெரிந்தால் திட்டுவார் என்று மகன் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை காலையில் இவர் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தார். பெருசையே முடித்துவிடட்டுமா என்றார். எனக்கு வந்ததே கோபம்! என் குரல் இயல்பாகவே இரண்டு வீட்டுக்குக் கேட்கும்.

"பெருசு வேண்டவே வேண்டாங்க. நீங்க பாட்டுக்குக் கடைக்குப் போயிருவீக, வீட்ல வச்சுக்கிட்டு நானில்ல அல்லாடணும்? பெருசுக்கு எண்ணெய் ஊத்தி மாளுமா? எங்குட்டாச்சும் உக்காந்துருச்சுன்னா தூக்கிவிட எட்டு ஆளு வேணும்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால், மாமனார் மஞ்சப்பைக்குள் வேட்டியைத் திணித்துக்கொண்டிருக்கிறார். எங்குட்டு மாமா கிளம்பிட்டீக என்றேன். நாட்டரசன்கோட்டையில் இருக்கிற மகள் வீட்டுக்கு என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெருசைத் தூக்கிவிட எட்டு ஆளு வேணும்னா ஒனக்குச் சிரமந்தானத்தா."

அவர் எந்தப் பெருசைச் சொல்கிறார் என்று புரிந்ததும் சிரிப்பை அடக்கமுடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். படகுக் கதையை முழுக்கச் சொல்லி, போனில் இரண்டு படங்களையும் காட்டினேன். முதலில் மகனை ஆசைதீரத் திட்டினார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, சின்னதில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டார்.

நாலு பேர் கச்சிதமாக உட்காரலாம் என்றேன், பெருமையாக. அதுதானே என் கட்சியின் பலம்? எனக்கு, இவருக்கு, பிள்ளைகள் இரண்டு பேருக்கு. இத்தனை வாரமாகச் சண்டையில் நான் சொல்லிவந்த கணக்கே அதுதான்.

அந்தக் கணக்கில் அவர் இல்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு சொல்லைத்தான் அந்த மனிதர் தப்பாகப் புரிந்துகொண்டார், விஷயத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். இதற்கா அப்படி உருண்டு சிரித்தேன்?

அங்கேயே நின்று இவருக்குப் போன் போட்டேன். பெருசையே முடிச்சிருங்க என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சரியென்று சொல்லிக் கேட்டிராதவர், பாவம். நம்பரைச் சரிபார்த்திருப்பார் போல, யார் பேசுறது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குக் கடலைக் கண்டாலே தலை சுத்தும்த்தா. நான் அதுல ஏறவே மாட்டேன்" என்றார்.

எனக்குத் திரும்பவும் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் மெதுவாகச் சொன்னார்:

"ஆனா எனக்குன்னு ஒரு எடம் இருக்கட்டும்."