நமச்சிவாயத்தின் நாடா

பதினெட்டு வருஷமாக வாசல் மிதிக்காத நமச்சிவாயம் அன்று காலை படியேறி வந்ததும் தேவேந்திரனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாயை விரித்தார், தண்ணீர் கொடுத்தார். மனைவி இந்திராணி இறந்த பிறகு அந்த வீட்டில் இரண்டாவது தம்ளருக்கு வேலையே இருந்ததில்லை.

சூரசம்ஹாரத்தன்று முருகனின் தளபதி வீரவாகுவாக வேஷம் கட்டுவது காஞ்சிபுரத்தில் அந்த நெசவாளர் தெருவுக்குப் பெரிய மரியாதை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அது கீழ்ச்சாரி வீடுகளுக்கா மேல்சாரி வீடுகளுக்கா என்று தெருவே இரண்டாகி, மாமன் மச்சான்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்த நமச்சிவாயம், தறியில் குறுக்கே இழை ஓட்டும் நாடாக் கட்டையை, பட்டு இழையோடு கையிலிருந்தபடியே வீசினார். அதன் இரும்பு முனை தேவேந்திரனின் இடது கண்ணில் இறங்கியது.

பின்னால், சூரன் தலை எந்தத் தெருமுனையில் விழுவது என்று பக்கத்துத் தெருவோடு சண்டை வந்தது. அவ்வளவுதான், இரண்டு சாரியும் தோள்மேல் கை போட்டுக்கொண்டன. சாமி திரும்பும் வழிக்காக இன்னொரு சண்டை. அது முடிவதற்குள் சம்பந்தமே பண்ணிக்கொண்டார்கள். என்ன ஒற்றுமை! கண் போனவனை மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜரிகைக் கரை ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடாமல், அவர் வீட்டோடு உட்கார்ந்து மற்றவர்கள் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தார். நான்தான் அடித்தேன் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் காத்திருந்தார்.

நமச்சிவாயம் தொண்டையைச் செருமினார்.

"தேவா, நாளைக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல சமாதானப் பேச்சுவார்த்த. பக்கத்துத் தெருக்காரனுங்க நம்மள எவ்ளோ அடிச்சிருக்கானுங்கன்னு எழுதிக்கினு இருக்கோம். உன் கண்ணயும் அதுல சேத்துடலாம்னு ரெண்டு சாரியும் பேசி முடிவு பண்ணிட்டோம். ஒரு கையெழுத்து போட்டா போதும்பா. இந்த வருஷம் வீரவாகு நீதான்."

வேஷம் கட்டி நடுத்தெருவில் எல்லாரோடும் நிற்கத் தேவேந்திரனுக்கு ஆசை இல்லாமலா போகும்? கை, நமச்சிவாயம் நீட்டிய பேனாவரை போனது. பிறகு எழுந்துபோய், பரண்மேல் துணி சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து முன்னால் வைத்தார். கருங்காலி நாடா, பக்கவாட்டில் சூடு போட்ட 'ந'.

"இத வீசுனது யாருன்னு சொல்லிடு நமச்சி. ஊருக்கு வேணாம், எனக்கு மட்டும் சொல்லு. அப்புறம் எங்க சொல்றியோ அங்க போடறேன்."

நமச்சிவாயம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இங்கயா இருந்துது. எங்கப்பா நாடாபா இது. தேடாத எடமில்ல."

இடுப்பில் செருகிக்கொண்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் படியிறங்கினார்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தேவேந்திரன் திறக்கவில்லை. இந்திராணி போன பிறகு வீட்டில் துணைக்கு இருந்தது அந்த நாடா ஒன்றுதான், அதுவும் போய்விட்டது.