மடவளையில் ஒரு தாய் வீடு

நான் பிறந்தது இலங்கையில், பன்வில தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான். ஆனால் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். திரும்பிப் போவேன், திரும்பிப் போவேன் என்று சொல்லியே இங்கே செத்தார். பிள்ளை தகப்பனின் நாட்டைச் சேரும் என்பது சட்டம். ஆகவே வாக்காளர் இடாப்பில் பெயர் பதியக் கண்டியில் அரசாங்கக் கச்சேரிக்குப் போனபோது, இந்த நாட்டிலேயே நிலைத்துவிட்டவன் என்று நான்தான் காட்ட வேண்டியிருந்தது.

கிளாக்கர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்தவர். பதிவு செய்யும் வெள்ளைக்காரத் துரையின் கேள்விகளைத் தமிழில் கேட்டு, என் பதிலை இங்கிலீஷில் எழுதினார். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை, நான் வாங்கிப் போட்ட மரக்கறிக் காணி, எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

“பிள்ளையள்?”

“இனிமேத்தாங்க. வீட்டுக்காரி ஐரினுக்கு இப்ப ஆறு மாசம்.”

“பிள்ளைப்பேறு எங்கை?”

“தாய் வீட்டுலங்க. தலைப்பிரசவமாச்சே.”

“தாய் வீடு?”

“திருச்சிப் பக்கங்க.”

பேனை நின்றது.

“என்ன காணும், லியோன்! இந்த நாட்டை விட்டுப் போகமாட்டன் எண்டு இப்பதான் சொன்னீர். பிள்ளை பெறக் கப்பல் ஏறினால் துரை நம்புவாரோ?” குரலைத் தாழ்த்தினார். “உம்மைப் பதிஞ்சால் பிறக்கிற பிள்ளையும் பிறக்கேக்கையே இந்த நாட்டுப் பிள்ளை. இல்லாட்டி அதுவும் வளர்ந்து வந்து இந்த மேசைக்கு முன்னாலை நிக்கும். யோசிச்சுப்போட்டு அடுத்த மாசம் வாரும்.”

வீட்டில் சொன்னேன். ஐரின் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“இங்கயே பெத்தா, தாய் வீடு இல்லாதவளுன்னு லயமே பேசும். அம்மாவும் வந்து பாக்காது. தலைப்பிரசவம் முடியாம மருமகன் வீட்டுல பச்சத்தண்ணி குடிக்காது, தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப பிள்ளைய நீங்களே பெத்துக்குங்க.”

சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. போகாதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடந்ததை அப்படியே அத்தைக்குக் கடிதம் எழுதிப் போட்டேன்.

பதில் வரவில்லை; அத்தையே வந்தார். ஒரு தகரப்பெட்டி, ஒரு பித்தளைப் பானை, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு மூட்டை. வாசலோடு நின்றுகொண்டார்.

“உள்ள வாங்க அத்தை.”

“வரமாட்டேன். கப்பல் ஏறுறதுக்கு முன்னால மண்டபம் கேம்புல ஊசி குத்திக் குத்திக் கை வீங்கிப் போச்சு. இவ்வளவு தூரம் வந்தது மொறைய மாத்தவா? எம் மகள நான் கூட்டிட்டுப் போகப் போறேன், மாப்பிள்ளை.”

“கப்பலுக்கா?”

“பஸ்ஸுக்கு.”

மடவளையிலிருந்து தோட்டத்துக்குத் துணி விற்க வரும் மக்கீன் நானா என் சிநேகிதர். என் பழைய கடிதமொன்றில் அவர் பெயரும் ஊரும் இருந்ததைப் பிடித்துக்கொண்டு, வரும் வழியில் மடவளையில் இறங்கி விசாரித்து, அவருடைய வீட்டின் பின் அறையை அத்தை பேசி முடித்திருந்தார். அங்கே அடுப்பும் மூட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

முறைப்படி ஐரினுக்கு வளையல் போட்டு, பூ வைத்து, லயத்துப் பெண்கள் பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். மடவளையில் நானாவின் மனைவி றம்லத் வாசலிலேயே நின்றார்.

“வாங்க ராத்தா, ஒங்கட வீட்டுக்கு எங்களயும் கூப்புடுவீங்க தானே?” என்று அத்தையைக் கேலி செய்தார். “பின்னறை சும்மாதான் கெடந்திச்சி. ஆனா ஒங்கட மருந்துச் சரக்கு மணத்துக்கு எங்கட பூனையும் ஓடிட்டு.”

அடுத்த மாதம் கச்சேரி. ராஜலிங்கம் அதே கேள்விக்கு வந்தார்.

“பிள்ளைப்பேறு எங்கை?”

“தாய் வீட்டுலங்க.”

“ஐயோ, காணும்! திரும்பவும் அதையே சொல்லுறீர்.”

“தாய் வீடு இப்ப மடவளையிலங்க. அத்தையே வந்து குடியிருக்காங்க.”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு துரையிடம் நீளமாக ஏதோ சொன்னார். துரை மீசையைத் தடவினார். அவர் தலையாட்டியதும் பேனை ஓடத் தொடங்கியது.

“பதிஞ்சாச்சு. இனிப் பிள்ளையை இஞ்சை கூட்டிக்கொண்டு வராதையும். அதுக்கு இனி இந்த மேசையிலை வேலையில்லை.”

நல்ல மழை நாளில், மடவளையில் பெண் பிறந்தாள். கிறேஸ் என்று பெயர் வைத்தோம். முறைக்காலம் முடிந்து அத்தையே தாயையும் பிள்ளையையும் பன்வில கொண்டுவந்து விட்டார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

“என்ன மாப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்துல ஒரு வாய் தேத்தண்ணி கிடைக்காதா?”