சாட்சிக் கையெழுத்து

ராஜினாமாக் கடிதம் நான்கு நாளாய் ரோகினியின் கைப்பையில் கிடந்தது. போன புதன்கிழமை ஒரு குழந்தைக்கு மருந்து எழுதும்போது அளவில் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டாள். தாதி கவனித்துக் கேட்டதால் குழந்தை பிழைத்தது. அன்று பிடித்த கை நடுக்கம் இன்னும் விடவில்லை. இந்த வேலையில் இன்னும் ஒரு மாதம் இருந்தால் யாரையாவது கொன்றுவிடுவோம் என்ற பயம் அவளுக்கு. நாளைக்குக் கடிதத்தைக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடு, முப்பது மணி நேர டியூட்டி முடிந்து, லாபு தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தாள்.

அம்மா லெட்சுமி கோப்பியோடு ஒரு பேங்க் கடிதத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

பெரியப்பா மகன் வசந்தன் லாரிக் கடனை ஆறு மாதமாகக் கட்டவில்லையாம். ஜாமீன் நின்ற ரோகினி எழுபத்தெட்டாயிரம் மலேசிய வெள்ளி கட்ட வேண்டுமாம். கூடவே வந்த நகலில் அவள் கையெழுத்து, அவள் முத்திரை.

அவள் டாக்டரான நாளிலிருந்து தோட்டத்து ஆட்கள் பிறப்புப் பத்திர நகலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அரசாங்க டாக்டர் கையெழுத்துப் போட்டால் நகல் செல்லும். மலாய் மொழியில் அது சாக்கான். தோட்டத்தில் அதற்குப் பெயர் சாட்சி. ஜாமீனுக்கும் அங்கே சாட்சி என்றுதான் பெயர். தீபாவளியன்று வசந்தன் ஒரு கட்டுத் தாளை நீட்டி, "தங்கச்சி, சாட்சி போடு லா" என்றான். இரண்டு நாள் தூங்காத கண்ணோடு, நின்றபடியே எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்தாள். இருநூற்றாறு எலும்புக்கும் பெயர் தெரிந்தவளுக்கு எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்கத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

வசந்தனின் போன் அணைந்து கிடந்தது.

"சாட்சிதானம்மா போட்ட? சாட்சிக்காரங்க மேல கடன் வருமா?" என்றாள் அம்மா. பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "வந்தாலும் என்ன, நீ டாக்டரு லா. மாசா மாசம் கட்டிப்புடலாம்."

"நான் வேலய விடப் போறேன்மா."

"எந்த வேலய?"

அம்மா உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். கார் தவணை, படிப்புக் கடன், இப்போது லாரி. கட்டி முடிக்க எத்தனை வருஷம் என்று ரோகினி மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் பயந்து நிறுத்தினாள்.

வாசலில் பக்கத்து வீட்டு ராக்கம்மா வந்து நின்றாள். "மவளுக்கு மெட்ரிக்குலேஷன் பாரம், கண்ணு. நாளைக்குக் கடைசி நாளு. ஒரு சாட்சி போட்டுக் குடேன்."

முத்திரையை எடுக்கக் கைப்பைக்குள் கைவிட்டபோது ராஜினாமாக் கடிதமும் கூடவே வந்து மேசையில் விழுந்தது. அம்மா அதை எடுத்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரோகினி ராக்கம்மாவின் விண்ணப்பத் தாளை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

"எப்பவும் இப்படிப் படிக்க மாட்டியேம்மா," என்றாள் ராக்கம்மா, கொஞ்சம் வருத்தமாக.

கடைசி வரிவரை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு முத்திரையை அழுத்தினாள். கை ஆடியது. டாக்டர் ரோகினி அமிர்தலிங்கம் என்ற பெயர் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை விழுந்திருந்தது.

"பரவால்ல லா," என்றாள் ராக்கம்மா. "பேரு தெரியுதுல்ல."

அம்மா தாளைப் பார்க்கவில்லை. மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.