லாரிக்குப் பின்னால் வருகிறவர்

நீலாய் தொழிற்சாலைக்குப் பிரேமநாதனின் லாரி காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வந்து சேர்ந்தது. அதை ஓட்டிக்கொண்டு வந்த பிரேமநாதன் பத்து இருபதுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் இருந்த நேபாளக் காவலாளி இரண்டு நேரத்தையும் பதிவேட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டான். இருக்கையில் ஆளில்லாமல் ஸ்டியரிங் தானே திரும்பியதையும், லாரி பின்வாங்கிச் சரக்கு மேடையோடு ஒரு விரல் இடைவெளியில் ஒட்டி நின்றதையும், கால்மணி நேரம் கழித்து இருக்கை மெத்தை மெல்ல அமுங்கி, அதில் பாதுகாப்பு வார் மாட்டிய ஒரு மனிதர் உட்கார்ந்திருந்ததையும் அவன் எழுதவில்லை. பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

பிரேமநாதன் கோலா சாவாவுக்கு அப்பால் இருக்கும் கிளென்மோர் தோட்டத்துப் பெரிய கிராணியின், அதாவது தலைமைக் கணக்கரின், பேரன். அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தமிழர்கள் போய் வங்காளதேசிகள் வந்தார்கள், கிராணியின் வேலை முழுவதும் ஒரு கணினிக்குள் போய் அடங்கியது. பேரனின் நடையில் மட்டும் கிராணி உத்தியோகம் அப்படியே இருந்தது. அவர் அதே நீலாய் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் லாரிகளை அனுப்பும் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை; ஒருங்கிணைப்பாளர் என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டுநர்கள் முகத்துக்கு நேரே சார் என்றும் முதுகுக்குப் பின்னால் கிராணி என்றும் சொன்னார்கள். போன வருடம் தொழிற்சாலை தன் லாரிகளை விற்றுவிட்டு அந்தப் பிரிவையே மூடியது. மேலாளர் யோகேந்திரன் கழுத்துப்பட்டையைத் தடவிக்கொண்டு, "இன்னையிலேர்ந்து நீங்க ஊழியர் இல்ல சார், தொழில்முனைவர்" என்றார். சம்பளம் கிடையாது என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொன்னதில்லை. பிரேமநாதன் சொந்தமாக ஒரு லாரி வாங்கிக்கொண்டால், உதிரிப்பாகம் இல்லாமல் இயந்திரம் நிற்கும் போதெல்லாம் அவசரச் சரக்கு கொண்டுவரும் வேலை அவருக்கு. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் பினாங்கில் கிடக்கும் ஒரு பெட்டி மத்தியானத்துக்குள் நீலாயில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

சேமநிதியை எடுத்து முன்பணம் கட்டி, சிரம்பானில் பழைய லாரி விற்கும் நுஃமானிடம் மூன்று டன் பெட்டி லாரி ஒன்றை வாங்கினார். சாவியைக் கொடுக்கும்போது நுஃமான் கேட்டான்.

"எஞ்சினப் பார்த்துட்டீங்க, டயரப் பார்த்துட்டீங்க. ஓட்டப்போறது யாருண்ணே?"

"ஆள் போட்டுக்கலாம்."

"இப்ப ஆள் எங்கண்ணே கிடைக்குது? நீங்கதான்லா ஓட்டணும்."

"நான் ஓனர், தம்பி."

"ஓனருக்கும் காலு பிரேக்குக்கு எட்டும்ணே."

எட்டியது. சரக்கு வாகன லைசென்ஸ் வகுப்பில் இருபது வயதுப் பையன்களோடு பின்வரிசையில் உட்கார்ந்து, தான் பயிற்சியின் தரத்தை ஆராய வந்திருப்பதாக அவர்களிடம் சொல்லி, இரண்டாவது முயற்சியில் தேறினார். லாரிக் கதவில் தன் பெயரை எழுதி, அதன் கீழ் 'நிர்வாக இயக்குநர்' என்று எழுதச் சொன்னார். எழுதியவன் இடம் போதாமல் 'இயக்குநர்' என்பதைப் டீசல் டாங்க் மூடிக்கு மேல் எழுதிவைத்தான்.

அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் தோட்ட முச்சந்தியில் இருக்கும் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். கிராணி வீட்டார் முனியாண்டியைக் கடக்கும்போது தலையசைப்பார்கள், இறங்குவதில்லை. பிரேமநாதன் லாரியைச் சிரம்பான் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் குருக்கள், ஓட்டுகிறவர் பெயரும் நட்சத்திரமும் சொல்லச் சொன்னார். பக்கத்தில் அவர் உறுப்பினராக இருந்த சங்கத்து ஆட்கள் நான்கு பேர் நின்றார்கள். "கம்பெனி பேருக்கே செய்யுங்க சாமி. டிரைவர்னு தனியா யாரும் இல்ல" என்றார் பிரேமநாதன். கம்பெனி பதிவான தேதியைக் கைப்பேசியில் பார்த்து, உத்திர நட்சத்திரம் என்று சொல்லி அர்ச்சனை நடந்தது. பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான் என்பது கோலா சாவாவில் பொதுவான கருத்து. சொன்னதைப் பிள்ளையார் செய்தார். கம்பெனி ஒருநாளும் தாமதமாகவில்லை.

அடுத்து ஈப்போவிலிருந்து வந்தபோது லாரிக்கும் அவருக்கும் இடையே இரண்டு மணி நேரம் விழுந்தது. ஜோகூரிலிருந்து வந்தபோது ஐந்து. மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் அதேதான். காலி லாரியோடு திரும்பும்போதும், தோட்டத்துக்கு உரம் ஏற்றும்போதும் இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். அவசரம் என்று சீட்டில் எழுதிய சரக்குக்குத்தான் இப்படி. சிரம்பானில் ஒரு மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் வேலை செய்த அவர் மனைவி குமுதினி, ஒருநாள் அவருக்குப் போன் செய்தார். எடுத்தது காவலாளி. ஆளில்லாத லாரியில், ஸ்டியரிங்குக்கு முன்னால் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். அன்று சாயங்காலம் அவர் வீடு வந்ததும் குமுதினி கதவை அடைத்துவிட்டுக் கேட்டார்.

"இஞ்சேருங்கோ, வழியில என்னதான் நடக்குது?"

"லாரி முன்னாடி போயிடுது. நான் உட்கார்ந்தபடியே பின்னாடி வரேன். கையில ஸ்டியரிங் இல்ல, கால் தரையில படல. ஹைவேயில ஒரு வண்டி இல்ல, ஒரு குருவி இல்ல. டோல்ல ஆள் இல்ல, ஆனா நான் வந்தா கம்பி தூக்குது."

"நிக்க முடியாதா?"

"எதை மிதிச்சு நிக்கிறது?"

ஒவ்வொரு தடவையும் நேரம் கூடிக்கொண்டே போவதை அவர் சொல்லாமலே இருவரும் அறிந்திருந்தார்கள். இது எங்கே போய் முடியும் என்பதையும் அறிந்திருந்தார்கள். லாரி வரும். ஒருநாள் அவர் வராமலே போவார்.

அடுத்த பினாங்குப் பயணத்தில் இரண்டு பகல் தாமதமானது. வந்து இறங்கியவர் குமுதினியிடம் நடந்ததைச் சொன்னார். ரவாங்குக்கு அந்தப் பக்கம், வெறும் சாலையில், அவருக்கு முன்னால் இன்னொரு ஆள் அந்தரத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். தொழிற்சாலையின் பழைய நீலச் சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள். எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தார். பிரேமநாதன் அவரைத் தாண்டும்போது அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "சார், நீலாய்க்கு இன்னும் ரொம்ப தூரமா?" என்று கேட்டார். அது வீரமுத்து. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வீரமுத்து ஓட்டிய லாரி இதே மேடைக்கு ஆளில்லாமல் வந்து நின்றது. சரக்கு சரியாக இருந்ததால், 'லாரி வந்தது, ஓட்டுநர் தலைமறைவு' என்று தட்டச்சு செய்து அந்தக் கோப்பை மூடியவர் ஒருங்கிணைப்பாளர் பிரேமநாதன்.

குமுதினி மறுநாளே அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போனார். டிரைவர் பிரேமநாதன், திருவாதிரை நட்சத்திரம் என்று சொல்லி ஓர் அர்ச்சனை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வரிசையில் அவருக்குப் பின்னால் சங்கத்தின் முன்னாள் தலைவர் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். "என்ன பிரேம், ஏதோ லாரி ஓட்டுறீங்கன்னு சொன்னாங்க?" என்று சிரித்தார். "நிர்வாக இயக்குநர் பிரேமநாதன், திருவாதிரை" என்றார். குருக்கள் அதையே தெளிவாக, மணியடித்து, பிள்ளையாரிடம் சொன்னார்.

பிறகு யோகேந்திரன் போன் செய்தார். இயந்திரம் நின்றுவிட்டது, பினாங்கிலிருந்து ஒரு பெட்டி வேண்டும். "போகாதீங்கோ" என்றார் குமுதினி. போகாவிட்டால் வேலை போகும், வேலை போனால் லாரியை வங்கி இழுத்துக்கொண்டு போகும், பிறகு தான் யார் என்று கேட்டார் பிரேமநாதன். போகும் வழியில் கிளென்மோர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, லாரியை நிறுத்தி இறங்கினார். வீரமுத்துவின் மனைவி மங்கம்மா, தோட்டத்தைவிட்டுப் போகாத சிலரில் ஒருவர், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் வீட்டுக்காரர் ஓடிப்போகலம்மா. வந்துக்கிட்டுத்தான் இருக்காரு."

மங்கம்மா துணியை உதறி முடித்தார். "தாய்லாந்துல எவளோடயோ இருக்கான்னு உங்க ஆபீஸ்லதானே சொன்னீங்க? பன்னெண்டு வருஷமா பொட்டு வைக்கிறதா வேணாமான்னு தெரியாம கண்ணாடி முன்னால நின்னேன். நீங்க ஒரு வரி எழுதிட்டுச் சாப்பிடப் போயிட்டீங்க." பிரேமநாதன் தலைகுனிந்து நின்றார். அவர் தலை குனிந்ததைத் தோட்டம் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும்.

லாரி மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு நீலாய் வந்தது. பெட்டியை இறக்கினார்கள், இயந்திரம் ஓடியது. சாயங்காலமும் இருக்கை மெத்தை அமுங்கவில்லை. ஒரு வாரம் அமுங்கவில்லை. யோகேந்திரன் நேரந்தவறாமைக்கான சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் லாரியின் முன்கண்ணாடித் துடைப்பானில் செருகிப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு லாரி மேடையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வேறு ஆளை வைத்து நகர்த்துங்கள் என்றார். ஒரு வாரமாக அங்கே வந்து காத்திருந்த குமுதினி ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். "எங்கட ஆள் இந்த இடத்துக்குத்தான் வருவார். வண்டி இல்லாட்டி எதுல வந்து உட்காருவார்?" இதற்கு யோகேந்திரன் கூட்டம் போட்டார்.

மூன்றாம் வாரம் வங்கி வந்து லாரியை இழுத்துக்கொண்டு போனது. காவலாளி, இருக்கை இருந்த இடத்துக்குக் கீழே தரையில் மஞ்சள் கட்டம் ஒன்று வரைந்து, யாரும் பொருள் வைக்கக் கூடாது என்று எழுதினான். அதன் பக்கத்தில் குமுதினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டவர் மங்கம்மா. அதற்குள் தொழிற்சாலையின் பேச்சைக் கேட்டு இன்னும் ஐந்து பேர் சொந்த லாரி வாங்கியிருந்தார்கள்; அவர்களும் லாரிக்குப் பின்னால் தங்கிப்போக, காத்திருக்கும் மனைவிகளின் நாற்காலிகள் ஏழாயின. வெயில் அதிகம் என்று நிர்வாகம் கூரை போட்டது. யோகேந்திரன் நாடா வெட்டி, ஊழியர் குடும்ப நலனில் இது ஒரு மைல்கல் என்று இருபது நிமிடம் பேசினார். அவர்கள் ஊழியர்கள் இல்லையே என்று யாரும் நினைவூட்டவில்லை.

மே மாதம் ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, மஞ்சள் கட்டத்துக்கு நான்கடி உயரத்தில் வீரமுத்து தோன்றி, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் தரையில் விழுந்தார். தலைமுடி கறுப்பாகவே இருந்தது. எழுந்து, சட்டைப்பையிலிருந்து சரக்குச் சீட்டை எடுத்துக் காவலாளியிடம் நீட்டினார். அவன் முத்திரை குத்தி நேரத்தை எழுதிக்கொண்டான். நரைத்த தலையோடு மங்கம்மா அவரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஒத்தச் செருப்பு எங்க?"

"பீடோர் பக்கம் விழுந்துருச்சு. திரும்ப எடுக்க முடியல."

குமுதினி நாற்காலியிலிருந்து எழாமலே கேட்டார். "வழியில எங்கட ஆளைப் பார்த்தீங்களா?"

"கிராணியா? பார்த்தேம்மா. நல்லாத்தான் வராரு."

"எங்க வராரு?"

வீரமுத்து கணக்குப் போட்டார். "இன்னும் தாப்பா தாண்டல. பாதி வழிகூட ஆகல."

"அவ்வளவு தூரத்துல இருக்கிறவரை நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

"திரும்பிப் பார்த்தா தெரியும்மா. நடுவுல ஒண்ணுமே இல்லையே."

குமுதினி தலையசைத்தார். மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டிய விடுப்புப் படிவம் அவர் மடியில் இருந்தது. எத்தனை நாள் என்று கேட்ட இடத்தை வெறுமையாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.