சுவரோரத்து அத்தி

பயனற்ற பொருளைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணக்கூடியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் பேருந்துப் பணிமனையில் மேலாளராக இருக்கிறார். இதை அவரே பல முறை சொல்லியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. கழற்றிப் போட்ட உதிரிப் பாகங்களைப் பரப்பி வைத்தால், எது தேறும், எது கழிவு என்று தேநீர் ஆறுவதற்குள் பிரித்துவிடுவார். கழிவென்று அவர் ஒதுக்கிய எதுவும் மறுபடி வண்டியில் ஏறியதில்லை. ஏற்றிப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவர் வீட்டில் இரண்டு கழிவுகள் மிச்சமிருந்தன.

ஒன்று, அத்திமரம். கொல்லையில் இரண்டு அத்திகள் நின்றன. இரண்டுக்கும் தட்டகல இலை. இரண்டிலும் காய்கள் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். கிணற்றடி மரத்தின் பழம் தேன். சுவரோர மரத்தின் பழமோ வெறும் சக்கை. பிட்டால் உள்ளே பொடிப் பூச்சிகள்.

இன்னொன்று, பின்னறையில் இருந்த மச்சான். மனைவியின் அண்ணன். வேலை பார்த்த அச்சகத்தை மூடியதும் தங்கை வீட்டுக்கு வந்தவர். விடிந்ததும் சக்கைக் காய்களைப் பறித்து, நூலில் கோத்து, கிணற்றடி மரத்தில் தொங்கவிடுவார்.

"என்ன மச்சான், மரத்துக்குக் கல்யாணமா? மாலையெல்லாம் தடபுடலா இருக்கு."

"கட்டினா காய் நிக்குது மாப்ள. இல்லன்னா உதிர்ந்துடுது."

"ஏன்?"

"அது தெரியாது. முன்ன நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா கட்டுவாங்க."

"ஏன்னே தெரியாம ஒரு வேலை. உங்களுக்குன்னே பொறந்த வேலைதான்."

மச்சான் சிரித்தார். அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே உரிமை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துச் சுவரோர மரத்தை அறுத்தார் மேலாளர். அறுத்த இடமெல்லாம் பால் வடிந்தது. மச்சான் பின்னறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கையை வெச்சுக்கிட்டு இடத்தை அடைக்கக் கூடாது மச்சான்" என்றார் மேலாளர். மரத்தைத்தான் சொன்னார். ஆனால் பார்வை பின்னறைப் பக்கம் போய் வந்தது.

அந்த வாரமே மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுகோடியில் ஒரு நாற்றுப்பண்ணைக்குக் காவலாளியாகப் போய்விட்டார். போகாதீர்கள் என்று மேலாளர் ஒப்புக்குச் சொன்னார். மனைவி ஒன்றுமே சொல்லவில்லை.

பிறகு குழாய் ஒழுகியது. வாசல் கதவு கிறீச்சிட்டது. மகளின் சைக்கிளில் காற்று நிற்கவில்லை. இதெல்லாம் இத்தனை நாள் தானாகவே சரியாக இருந்ததாக மேலாளர் நினைத்திருந்தார்.

அடுத்த பருவத்தில் கிணற்றடி அத்தி கொத்துக்கொத்தாகக் காய் பிடித்தது. ஒன்றும் பழுக்கவில்லை. கோலிக்குண்டு அளவு வந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. உரம் போட்டார், மருந்தடித்தார். உதிர்வது நிற்கவில்லை.

"அண்ணன் இருக்கிற பண்ணையில போய்க் கேளுங்க" என்றாள் மனைவி. வேறு வழியில்லாமல் இருவரும் போனார்கள்.

பண்ணைக்கார அம்மாள் உதிர்ந்த காய் ஒன்றை நறுக்கிக் காட்டினார். "அத்தி பூக்காம இல்ல சார். பூவெல்லாம் காய்க்குள்ளயே இருக்கு. நுனியில இந்தப் பொடி ஓட்டை இருக்கு பாருங்க. எறும்பைவிடச் சின்னக் குளவி ஒண்ணு, ஆண் மரத்துக் காய்க்குள்ள பொறந்து, மகரந்தத்தைச் சுமந்துக்கிட்டு இது வழியா உள்ள போகணும். அப்பத்தான் பழுக்கும். உங்க ஆண் மரம் எங்க?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"சக்கையா இருந்துச்சு."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மேலாளருக்குச் சற்றுச் சுலபமாக இருந்திருக்கும்.

மச்சான் பண்ணை மரத்திலிருந்து ஒரு பை நிறையச் சக்கைக் காய் பறித்துக் கொடுத்தார். கூடவே ஒரு நூல்கண்டும்.

"வீட்டுக்கு வந்துடுங்க மச்சான்."

"இங்கயே பழகிடுச்சு மாப்ள. காய் தீர்ந்தா சொல்லுங்க, பறிச்சு வைக்கிறேன்." மச்சான் சிரித்தார். இந்தச் சிரிப்பில் பழைய பணிவு இல்லை. கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "பழம் குடுக்கிறது மட்டும்தான் உழைக்குதுன்னு நினைச்சோம். அது பழுக்க யாரு காரணம்னு ஒரு நாளும் கேக்கல. வெளிய தெரியாத உழைப்பெல்லாம் சக்கைன்னு நீங்க சொன்னப்ப, நானும் சும்மாதானே நின்னேன்."

மறுநாள் விடிந்ததும் மேலாளர் முக்காலி போட்டு ஏறிக் கிளையில் நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். பூட்டிய பின்னறையைப் பார்க்காதபடி திரும்பி நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவர்மேல் தலையை நீட்டினார்.

"என்ன சார், மரத்துக்குக் கல்யாணமா?"

"கட்டினா காய் நிக்குது" என்றார் மேலாளர்.

"ஏன்?"

காரணம் இப்போது அவருக்குத் தெரியும். அடுத்த சக்கைக் காயை எடுத்து நூலில் கோத்தார்.