நான்காவது கிளாஸில் வெண்ணெய்

தமயந்திக்குத் திருத்தணி பால் சென்டரில் பதினோரு வருட வேலை. கேன் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தால் போதும், மாடு வேப்பந்தழை தின்றிருந்தால்கூடச் சொல்லிவிடுவாள். அதனால்தான் அவள் தம்பி கௌதமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆந்திர எல்லையைத் தாண்டினான்.

திருப்பதி சாலையில் புதிதாக வந்திருந்த ஓட்டலில் அவன் பீர் காய்ச்சுகிறவன். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுப்பார்கள். நான்கு வகை. மூன்று நன்றாகப் போயின. லாகர் என்கிற வெளிர்மஞ்சள் பீரை மட்டும் ஆட்கள் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். கேட்டால், "என்னமோ மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கௌதமனுக்கோ அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

"குடிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் தமயந்தி.

"குடிக்க வேணாங்க்கா. மோந்து பாத்து சொல்லு."

கடை திறக்க நேரம் இருந்தது. மேசைமேல் நான்கு கிளாஸ்கள். முதலாவதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னாடா, வாழப்பழம் போட்டுகினியா?"

"இல்லக்கா. கோதுமையும் பார்லியும்தான். ஈஸ்ட் பண்ற வேல அது."

"பழமே போடாம பழ வாசனையா?" மறுபடி முகர்ந்தாள். "கிராம்பும் இருக்குது."

இரண்டாவதில் சாத்துக்குடித் தோல். அது ஹாப்ஸ் என்ற பூவின் வாசனை என்றான் கௌதமன். அந்தப் பூவை அரைத்து அழுத்திய பச்சைத் துணுக்குகளை அவள் உள்ளங்கையில் கொட்டினான். அவள் ஒன்றை நசுக்கி முகர்ந்துவிட்டு, மீதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். மூன்றாவது கறுப்பு. கருக வறுத்த பார்லி, தீய்ந்த காப்பிக்கொட்டை மாதிரி மணத்தது.

நான்காவது, லாகர்.

"ஐஸ் மாதிரி இருக்குது, ஒண்ணும் தெரியல. சென்டர்ல சந்தேகம்னா பால சுட வச்சுத்தான் மோப்போம். வெந்நீர் கொண்டா."

கிளாஸை வெந்நீரில் நிறுத்தி, தட்டு போட்டு மூடிக் காத்திருந்தாள். பத்து நிமிடம் கழித்துத் தட்டை எடுத்தாள்.

"வெண்ணெய்டா!"

கௌதமன் வாங்கி முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். ஒன்றுமில்லை. சமையலறையில் வேலை செய்யும் கயல்விழியைக் கூப்பிட்டுக் கொடுத்தான்.

"ஆங், வெண்ணெய்தாங்க," என்றாள் அவள் உடனே.

அவன் முகம் வாடிவிட்டது. சிலர் மூக்குக்கு இந்த வாசனை எட்டவே எட்டாது என்று படித்திருந்தான். தானும் அந்தச் சிலரில் ஒருவன் என்பது இத்தனை நாள் தெரியாது.

"வூட்ல நெய் காய்ச்சினா தெரியுதுல்ல உனக்கு?"

"அது தெரியும்க்கா. இது மட்டும் தெரியல."

தமயந்தி அவன் மூக்கையே ஆச்சரியமாகப் பார்த்தாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பீர் நொதிக்கும்போது ஈஸ்ட்தான் இந்த வெண்ணெய் வாசனையை உண்டாக்கும், கடைசியில் அதுவே தின்று தீர்த்தும்விடும். அந்த வேலையை அது முடிக்கும் முன்பே அவன் அவசரப்பட்டு டாங்க்கைக் குளிரவைத்ததுதான் தப்பு. சூட்டைக் கொஞ்சம் ஏற்றி மூன்று நாள் விட்டான். புதன்கிழமை வேலை முடிந்ததும் தமயந்தி தானாகவே பஸ் ஏறி வந்தாள். வெந்நீரில் வைத்துப் பார்த்தாள். ரொட்டி வாசனை மட்டும்தான். அந்த வாரத்திலிருந்து லாகர் கிளாஸ்கள் காலியாகத் திரும்பின.

அவள் கணவன் வேதாசலம் விவசாயி. பீர் கடைக்குப் போய்வந்தாள் என்றதும் முதலில் முகத்தைச் சுளித்தான். வாழைப்பழ வாசனையைப் பற்றி அவள் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டே மெல்லக் கேட்டான்: "நெசமாவே பழம் போடலியா?"

"போடல."

"அப்ப நம்ம கம்பு போட்டா இன்னா வாசன வரும்?"

"தம்பியத்தான் கேக்கணும்," என்றாள். சனிக்கிழமை மத்தியானம் அவனே ஒரு பையில் கம்பைக் கட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினான்.

கௌதமன் ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். "மொதல்ல இத மொளகட்டி காயவைக்கணும் பாவா. அப்பறம் எப்படி வரும்னு எனக்கே தெரியாது."

"அப்ப ஊறப் போடு," என்றாள் தமயந்தி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே.