அசையாமல் நின்றவன்

எங்கள் படத்தின் கதை இவ்வளவுதான். ஊரில் நடமாடுகிற எல்லாரையும் ஒரு இயந்திரம் கண்காணிக்கிறது. அசைகிறவர்கள் மட்டும்தான் அதன் கண்ணில் படுவார்கள். நாயகன் சிலையாக நின்று தப்பிக்கிறான். அறிவியல் படம் எடுக்கக் கையில் காசில்லாதவனுக்கு இதைவிட வசதியான கதை கிடையாது. இயந்திரத்தைக் காட்டவே வேண்டாம், அது பார்ப்பதைக் காட்டினால் போதும். என் அக்கா வீட்டுக்காரரின் மருந்துக் கிடங்கில் திருட்டுக்குப் பயந்து மாட்டியிருந்த கேமராக்களை வைத்தே எடுத்தோம்.

நாயகன் என் மச்சினன். மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன். விடுப்பெடுத்து, தாடி வளர்த்து, கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்தான். எடிட்டிங் மனைவி. வில்லனுக்குத்தான் ஆள் சிக்கவில்லை. இயந்திரத்தை ஆட்டிவைக்கிறவனைக் கடைசியில் ஒரு நிமிடம் காட்ட வேண்டும். கேட்ட நடிகர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள்.

உச்சக்காட்சியை ஞாயிறு மதியம் எடுத்தோம். நான் பக்கத்து அறையில் கேமராக்கள் காட்டுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சினன் அலமாரிகளுக்கு நடுவே நடந்து வந்து நின்றான். நின்றான் என்றால் அப்படி நின்றான். ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. முடிந்ததும் உள்ளே போய், தோள் ஆடிவிட்டது என்று அவனைப் பிடி பிடியென்று பிடித்தேன். இருப்பதை வைத்து ஒப்பேற்றித் தொலைக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் அவன் தாடியை மழித்துவிட்டு வெளியூர் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அவன் கிளம்பிப் போன அன்று மாலைதான் மனைவி பதிவை ஓட்டினாள். மச்சினன் வருகிறான், நிற்கிறான். படம் ஒரு தாவு தாவியது. அடுத்து நான் நிற்கிறேன்.

திரும்பத் திரும்ப ஓட்டினோம். பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏதாவது அசைந்தால் மட்டும் பதிகிற கேமரா அது. அசைவு நின்றால் பதிவும் நின்றுவிடும். இது எனக்குத் தெரியாததா? கேமரா மாட்டியவர் இதைச் சொல்லப்போய்த்தான் எனக்கு இந்தக் கதையே தோன்றியது. திரையில் தெரிவதெல்லாம் பதிவாகிறது என்று நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஆத்திரம் தாங்கவில்லை. கேமராவைத் திட்டினேன், அதை மாட்டியவரைத் திட்டினேன், மறுபடி எடுக்க முடியாதபடி தாடியை மழித்ததற்கு மச்சினனையும் விடவில்லை.

மனைவி கேட்டுக்கொண்டே மிச்சப் பதிவை ஓட்டினாள். அந்தக் கேமராவில் சத்தம் வராது. ஒருவன் விரலை நீட்டி நீட்டி என்னவோ கத்துகிறான். எதிரே இன்னொருவன் தலை குனிந்து நிற்கிறான். அந்தக் கத்துகிற முகத்தை எனக்கே பிடிக்கவில்லை.

"வில்லனுக்கு ஆள் தேடினீங்களே," என்றாள். "இதோ இருக்காரு."

படத்துக்கு அது அப்படியே பொருந்தித் தொலைத்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது. மச்சினன்தான். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறான்.

"காட்சி சரியா வந்திருக்கா மாமா? என் தோளு ஆடினதால கெட்டுப்போச்சா?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடலடா," என்றேன். "நீ அசையவே இல்ல. மெஷினே சாட்சி."